பெற்றோல் கட்டரைக் கையில் எடுக்கும் முன்: ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் தம்பி ஒருவர், பாவித்த பெற்றோல் கட்டர் ஒன்றைக் கொழும்பில் வாங்கி வந்திருக்கிறார். 14 அங்குல டிஸ்க் போடும் மெஷின். தண்ணீர்க் குழாய் போட கொங்கிரீட் பாதையைக் குறுக்கே வெட்டுவது, கான் கரைக்குக் கல் வெட்டுவது என்று வேலைகளை எடுக்கத் தொடங்கியிருக்கிறார். அவர் கேட்டது மூன்று விஷயம். கொழும்பில் நன்றாக ஓடிய மெஷின் இங்கே வந்ததும் புகை தள்ளுகிறது, இழுவை இல்லை, ஏன்? வெல்டிங் கடைகளில் இரும்பு வெட்டும் 14 அங்குல டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா? தூசிக்கு முகத்தில் லேஞ்சி கட்டினால் போதாதா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. போடக் கூடாது. இன்றைக்கே போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றி விடுங்கள்.

வெல்டிங் கடையில் இருப்பது தரையில் வைத்து, இரும்பை இடுக்கியில் இறுக்கி, மேலிருந்து கீழே அழுத்தி வெட்டும் மின்சார மெஷினுக்கான டிஸ்க். அதே 14 அங்குலம்தான். நடு ஓட்டையும் பல மெஷின்களில் பொருந்திவிடும். அந்தப் பொருத்தம்தான் ஆபத்து. டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள், 4300 அல்லது 4400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்று அச்சடித்திருக்கும். கையில் பிடிக்கும் பெற்றோல் கட்டரின் தண்டு 4700, 5000 என்று சுற்றும், சில மாதிரிகள் அதற்கும் மேலே போகும். அதற்கென்று செய்த 14 அங்குல டிஸ்கில் 5400க்குக் கிட்ட ஓர் எண் இருக்கும். 5400இல் அந்த டிஸ்கின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 360 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வெல்டிங் கடை டிஸ்கை அந்த வேகத்துக்குச் செய்யவில்லை. அது இடுக்கியில் ஆடாமல் நேராக இறங்குவதற்கென்று செய்தது, நம் கையோ கொஞ்சமாவது ஆடும். வெடித்தால் துண்டுகள் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிஸ்க் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் மெஷினின் தகட்டில் உள்ள எண்ணை விட டிஸ்கின் எண் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது சமமாகவாவது இருக்க வேண்டும். மெஷின் தகட்டில் எண் அழிந்திருந்தால் அந்த மாதிரியின் கையேட்டில் தேடி எடுத்து, கவர் மேல் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

டிஸ்க் பற்றி இன்னும் இருக்கிறது, நம்முடைய ஈரக் காற்றால் வருவது. இரும்பு வெட்டும் கறுப்பு டிஸ்க் ஒரு வகைப் பசையால் அராவும் துகளைப் பிடித்துக் கட்டியது, ஈரம் குடித்தால் அந்தப் பிடி தளரும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் மழை பிடித்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாட்வெயார் கடையின் பின்சுவரில் ஆணியில் தொங்கிய டிஸ்க், கொட்டகையில் சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த டிஸ்க் எதையும் நான் வாங்க மாட்டேன். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்கும், அதில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அது காலாவதித் திகதி. கடைக்காரர் விலையைக் குறைக்கிறார் என்றால் பல நேரம் அந்த வருடம் போயிருக்கும். வாங்கியதைத் தட்டையாகப் படுக்க வைத்து, மூடியுள்ள பெட்டியில், அடுப்புப் பக்கம் இல்லாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு தரம் தண்ணீர் விட்டு வெட்டிய கறுப்பு டிஸ்கை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

கல்லுக்கும் கொங்கிரீட்டுக்கும் டயமண்ட் பிளேட்தான் சரி. அதற்குக் காலாவதி இல்லை, ஆனால் நடு இரும்பில் வெடிப்பு இருக்கிறதா, வெட்டும் பல்துண்டு ஒன்றாவது விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரும்பு நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறிப் போன பிளேட். சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்துப் போடுங்கள். அப்புறம், பிளேட் வாங்கும்போது எதை வெட்டப் போகிறீர்கள் என்று சொல்லி வாங்குங்கள். நம் மலையில் கிடைக்கும் கருங்கல் கடினமானது, அதற்கு வைரத் துகளைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் தேய்ந்து புதிய வைரம் வெளியே வரும். சீமெந்துக் கல், தார் ரோட்டு மாதிரி அராவும் பொருளுக்கு அந்த உலோகம் கடினமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளில் பிளேட் கரைந்து போகும். கருங்கல்லில் வெட்டிக்கொண்டிருந்த பிளேட் திடீரென்று வெட்டாமல் வழுக்கினால் அது செத்துவிட்டது என்று எறிந்து விடாதீர்கள். ஒரு சீமெந்துக் கல்லில் ஐந்தாறு வெட்டுப் போடுங்கள், மறுபடியும் பிடிக்கும்.

மரம் வெட்டும் பல்லுள்ள வட்ட வாளை இந்த மெஷினில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். பல் பிடித்துக்கொண்டால் மெஷின் கையை விட்டுப் பறந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மெஷினோடு இருக்கிறேன். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல், வெட்டுகிறவன் டிஸ்கைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், ஆனால் வெட்டு மூடப்போகிறதா திறக்கப்போகிறதா என்று பார்க்கவில்லை என்பதால் வந்தவை. மலையில் எல்லாமே கீழே போகப் பார்க்கும். மண் கீழே போகும், கல் கீழே போகும், நீங்கள் வெட்டிவிட்ட துண்டும் கீழே போகும். அது போகும் வழியில் வெட்டை மூடினால் டிஸ்க் கவ்வப்படும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துப் பாதை ஒன்றின் அடியில் போகும் சீமெந்துக் குழாய், ஒரு ஆள் குனிந்து பார்க்கும் அகலம். அதை நடுவில் வெட்டி ஒரு பாதியை எடுக்க வேண்டும். மேலே மண்ணை எடுத்துவிட்டோம். குழாய் வெளியே தெரிகிறது, நேராகக் கிடக்கிறது. நான் கோடு போட்டு மேலிருந்து இறக்கினேன். மழைத் தண்ணீர் நடுப்பகுதியின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு முனையும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, நடு வெறும் காற்றில் தொங்குகிறது. அப்படியிருக்கும்போது மேல்பக்கம் அழுத்தத்தில் இருக்கும், அடிப்பக்கம் இழுபடும். மேலே வெட்டினால் வெட்டு மூடும். நான்கு அங்குலம் இறங்கியிருப்பேன், சத்தம் மாறியது. என்ஜின் ஒரு கணம் திக்கியது, அடுத்த கணம் மெஷின் என்னை நோக்கி எழும்பி வந்தது. என் தலை டிஸ்கின் கோட்டுக்கு வெளியே, வலது பக்கமாக நின்றிருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். மெஷினின் கவர் இடது தோளில் அடித்தது, மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

அதைத்தான் உதைப்பது என்கிறோம். டிஸ்கை ஒரு கடிகார முகமாக நினைத்து நாலு பங்காகப் பிரித்தால், உங்களுக்கு எதிர்ப்புறம் மேலே இருக்கும் கால்பங்கில்தான் உதை பிறக்கிறது. அந்தப் பங்கு எதிலாவது முட்டினாலோ கவ்வப்பட்டாலோ மெஷின் மேலும் பின்னுமாக, முகத்தை நோக்கி வரும். ஆகவே அந்தப் பங்கால் வெட்டத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே உள்ள வெட்டுக்குள் மெஷினை மறுபடி விடும்போதும் அது உரசக் கூடாது. அடிப்பக்கம் கவ்வினால் மெஷின் முன்னால் இழுத்துக்கொண்டு போகும், அது அவ்வளவு கொடூரமில்லை, ஆனால் சரிவில் நிற்கிறவனை நிலைகுலையச் செய்யப் போதும்.

அப்போ என்ன செய்வது? வெட்டும் முன் கீழே குனிந்து பாருங்கள், இது எதில் உட்கார்ந்திருக்கிறது, எங்கே தொங்குகிறது என்று. இரண்டு முனையில் தாங்கி நடு தொங்கினால் முதலில் அழுத்தத்தில் உள்ள பக்கத்தில் கொஞ்சம் மட்டும் வெட்டி, கடைசி வெட்டை இழுபடும் பக்கத்தில் முடியுங்கள். அதற்கும் முன்னே அடியில் கல் வைத்து அடைத்துத் தாங்கு கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சரிவில் கிடக்கும் குழாய் என்றால் மேல்துண்டு, கீழ்துண்டு இரண்டுக்கும் ஆப்பு வையுங்கள். மேல்துண்டு வழுக்கி வந்து கீழ்துண்டை முட்டினால் உங்கள் டிஸ்க் நடுவில். பாதையை வெட்டும்போது ஒரே அடியாக ஆழமாக இறங்காமல் முதலில் ஓர் அங்குலத்துக்கு வழிக்கோடு போட்டு, அதையே திரும்பத் திரும்ப ஆழமாக்குங்கள். 14 அங்குல டிஸ்க் ஏறக்குறைய 125 மில்லிமீற்றர் வரைதான் இறங்கும், அதற்கு மேல் அழுத்தி ஒன்றும் ஆகாது. வெட்டில் டிஸ்கைத் திருப்பாதீர்கள், இந்த மெஷினுக்கு வளைவு தெரியாது. மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி எடுக்கப் பார்க்காமல் என்ஜினை நிறுத்தி, ஆப்படித்து வெட்டைத் திறந்து எடுங்கள்.

பிடியைப் பற்றிச் சுருக்கமாக. வலது கை பின் பிடியில், இடது கை முன் குழாய்ப் பிடியில், இரண்டு பெருவிரலும் கீழே சுற்றியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி வெட்டக் கூடாது, ஏணியில் ஏறி வெட்டவே கூடாது, ஒற்றைக் கையால் ஒருபோதும் இல்லை. ஸ்டார்ட் பண்ணும்போது தரையில் வைத்து, பின் பிடியை வலது காலால் மிதித்து, டிஸ்க் எதிலும் படாமல் கயிற்றை இழுங்கள். பெற்றோல் கேனை மூன்று மீற்றராவது தள்ளி வைத்துவிட்டு இழுங்கள். கையில் தொங்கவிட்டு இழுப்பதை வீரம் என்று யாராவது காட்டினால் பார்க்காதீர்கள். புது டிஸ்க் போட்டதும் யாரும் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள், குறையிருந்தால் பெரும்பாலும் அப்போதே காட்டும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் டிஸ்க் சுற்றிக்கொண்டேயிருக்கும், நிற்கும்வரை கீழே வைக்காதீர்கள்.

லயத்துப் பக்கம் வேலை என்றால் மெஷின் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். டிஸ்கின் நேர் கோட்டில் முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கக் கூடாது. நான் கயிறு கட்டி, ஒரு பெரியவரைக் காவலுக்கு நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். அதற்காக அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

இப்போது லேஞ்சி விஷயம். லேஞ்சி உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் மறிக்கும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாதது. நம் மலைப் பாறையிலும் கொங்கிரீட்டில் போடும் மணலிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அதை இந்த வேகத்தில் அரைத்தால் சிலிக்காத் தூள், துணியின் நூலிடையே சாதாரணமாக நுழைந்து நுரையீரலின் அடிவரை போகும். அங்கே போனது வெளியே வராது, தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கொடுத்து மாற்ற வழியில்லை. பத்து, பதினைந்து வருடம் கழித்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். மலையில் வாழ்கிற நமக்கு எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான் தம்பி.

தண்ணீர் விடுங்கள். மெஷினில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் முனை இருக்கும், நிமிடத்துக்கு அரை லீற்றராவது டிஸ்கில் விழ வேண்டும். குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் காற்றடித்து அழுத்தம் கொடுக்கும் கைப்பம்ப் டாங்கி போதும். ஆனால் ஒன்று, புல்லுக்கு மருந்தடித்த டாங்கியைக் கழுவிவிட்டுப் பாவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டிஸ்க் அந்தத் தண்ணீரைப் புகையாக்கி உங்கள் முகத்துக்கே அனுப்பும். இதற்கென்று தனி டாங்கி வாங்குங்கள். தண்ணீரோடு சேர்த்து என் 95 அல்லது அதற்கு மேலான முகமூடியும் வேண்டும், மூக்குப் பாலத்தில் நன்றாக அழுத்தி, தாடி இடையில் வராமல். வெட்டிய சேற்றை ஈரத்திலேயே வழித்து மூட்டையில் அள்ளுங்கள். காய்ந்தால் மறுபடியும் தூசிதான், கானில் விட்டால் கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும்.

காதுக்கு மூடி கட்டாயம், இந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். கண்ணாடி, ஹெல்மட், சப்பாத்து, முழுக்கால்சட்டை. சாரமும் செருப்பும் வேண்டாம். மூடிய காம்பராவுக்குள்ளும் ஆழமான குழிக்குள்ளும் பெற்றோல் மெஷினை ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் மணக்காமல் ஆளைச் சாய்க்கும். இரும்பு வெட்டும்போது தீப்பொறி எங்கே போகிறது என்று பாருங்கள். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஆடி, ஆவணியில் பத்தனைப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

குளிரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நுவரெலியாவில் தை மாதக் காலையில் உறைபனி விழுந்திருக்கும்போது, விறைத்த கையோடு இந்த அதிர்வைப் பிடித்தால் விரல்களுக்கு இரத்தம் போவது குறையும். மாதக்கணக்கில் அப்படியே செய்தால் குளிர் பட்டதும் விரல் நுனி வெள்ளையாகி மரத்துப்போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது நிரந்தரமாகிவிடும், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகும். கையை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, கையுறையோடு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாற்றிச் செய்யுங்கள். மெஷினின் அதிர்வு ரப்பர்கள் வெடித்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள்.

சரி, புகைக்கு வருவோம். நீங்கள் கலவையை ஒரு போத்தல் பெற்றோலுக்கு இரண்டு மூடி ஒயில் என்று போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மூடிக்கு மூடி அளவு மாறும். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பனிகள் தங்கள் டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்கு 50க்கு 1 என்கின்றன, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வேறு சாதாரண டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் ஸ்டில் கம்பனி 25க்கு 1 என்கிறது, லீற்றருக்கு 40. பார்மசியில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே இல்லை. படகு என்ஜின் ஒயில் வேண்டாம், அது தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கானது. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கேன்களில் பதுக்கிய பெற்றோலை மாதக்கணக்கில் கழித்து ஊற்றி, கார்பரேட்டர் பிசின் பிடித்த மெஷின்கள் எத்தனையோ என்னிடம் வந்தன.

கலவை சரியென்றால் அடுத்தது எயார் பில்டர். தூசி அடைத்தால் காற்றுக் குறையும், புகை வரும், இழுவை போகும், நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான். கடதாசி பில்டரைப் பெற்றோலில் கழுவாதீர்கள், கம்ப்ரெசர் காற்றால் ஊதாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் கல்தூள் நேரே பிஸ்டனுக்குப் போகும், சில நாளில் கம்ப்ரெஷன் போய்விடும். இழுவை குறைந்தால் புதிதாக மாற்றுவதுதான் வழி. ஸ்பொஞ்ச் மாதிரி வெளிப் பில்டர் இருந்தால் அதை மட்டும் கழுவிக் காயவைக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் மூன்றாவது காரணம் மலைதான். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீற்றர், நுவரெலியா 1,868. மேலே காற்று மெல்லியது. கொழும்பில் சரியாக இருந்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாக விடும். அதனால்தான் புகையும், உயர் வேகத்தில் அந்தக் கரகரச் சத்தமும். தானாகச் சரிசெய்யும் புதிய மாதிரிகளில் இந்தத் தொல்லை குறைவு. பழையதில் உயர் வேகத் திருகை வலஞ்சுழியாகக் கொஞ்சம் திருப்ப வேண்டும், ஆனால் அதைக் காதை நம்பிச் செய்யாதீர்கள், வேகம் அளக்கும் மீற்றர் உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூடுதலாகத் திருப்பினால் ஒயிலும் குறைந்து, என்ஜின் சூடாகிப் பிடித்துவிடும், டிஸ்கும் அளவு மீறிச் சுற்றும். எப்படிச் சரி செய்தாலும் பலம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஹட்டனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. அதை ஈடுகட்டப் போய் மெஷினை அழுத்தாதீர்கள், அதன் பாரத்திலேயே வெட்டட்டும்.

இன்னொன்று. இங்கே திருகைத் திருப்பிப் பெற்றோலைக் குறைத்து வைத்த மெஷினை ஒரு கொந்தராத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோனால் திருகைப் பழைய இடத்துக்கு வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். மறந்துபோய் ஒரே நாளில் பிஸ்டனைப் பிடிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மற்றப் பராமரிப்பு அதிகமில்லை. புது பெல்ட் போட்டால் ஒன்றிரண்டு டாங்கி ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். டிஸ்கைப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளும் துடைத்துச் சுத்தமாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். டிஸ்கின் நடு ஓட்டை பெரிதாக இருக்கிறது என்று தகரம் சுற்றிப் போடாதீர்கள், சரியான புஷ் (ஓட்டைக்குள் போடும் வளையம்) வாங்குங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். தண்ணீரோடு வெட்டிய நாளில் முடிவில் தண்ணீரை நிறுத்திவிட்டு அரை நிமிடம் ஓடவிட்டு உதறுங்கள். வேனிலோ ஓட்டோவிலோ ஏற்றும்போது டிஸ்கைக் கழற்றிவிடுங்கள், நம் ரோட்டுக் குலுக்கலில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விழும்.

வேலைக்குப் போகும் இடத்தில் முதலில் போனுக்குச் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் 1990, இலவசம். தோட்டத்துக்கு வந்துசேர நேரமாகும், அதுவரை சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும். தனியாக இந்த மெஷினை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள்.

மெஷின் தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும், இப்போது போட்டிருக்கும் டிஸ்கின் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். எந்த பெல்ட், எந்த பில்டர், புஷ் எவ்வளவு என்று சொல்கிறேன்.